மை காயட்டும்

"ஏம்மா, இது முத்திரை ஜன்னலா, தூங்குமூஞ்சி மடமா?"

இமூரா இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. மனசுக்குள்தான் கேட்டான். வெளியே, "கொஞ்சம் சீக்கிரம் ஆனா நல்லாயிருக்கும்மா," என்று இடுப்பை வளைத்து வணங்கினான். சுற்றுலா வழிகாட்டிக்கு மனசு ஒன்று, வாய் ஒன்று.

அவனுடைய பஸ் பயணிகள் மேலே சன்னிதியில் சூத்திரம் ஓதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய முத்திரைப் புத்தகங்களைப் பை நிறையச் சுமந்துகொண்டு முன்னால் ஓடிவந்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு முத்திரையும் தூரிகை எழுத்தும் வாங்கி வைப்பது இமூராவின் பிழைப்பு. ஷிகோகு தீவில் பஸ் யாத்திரை என்றால் இப்படித்தான். புண்ணியம் பயணிகளுக்கு, ஓட்டம் வழிகாட்டிக்கு.

ஜன்னலுக்குள் இருந்த சிகுசா அம்மாளின் கை மற்ற நாட்களில் மின்னல். முத்திரையைக் குத்துவாள், நாலு இழுப்பு இழுப்பாள், ஒற்றுத்தாளை வைத்துப் புத்தகத்தை மூடுவாள். இன்றும் பாதிப் பை வரை அப்படித்தான் போனது. அதற்குப் பிறகு அவள் கைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

மையை மறுபடி அரைத்தாள். தூரிகையைக் கழுவினாள். ஒரு பக்கம் எழுதி முடித்ததும் ஹேர் டிரையரை எடுத்து ஊத ஆரம்பித்தாள்.

"அம்மா, அது சுவத்துல மாட்டற துணிச் சுருள்ல எழுதினாத்தானே? புத்தகத்துக்கு ஒற்றுத்தாள் போதுமே!"

"ஈரப்பதம் ஜாஸ்தி தம்பி. மை காயட்டும்."

வெளியே பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பையில் இருந்த போன் அலறியது. பஸ் டிரைவர்.

"இமூரா, எல்லாரும் வந்து உக்காந்தாச்சு. கழிப்பறைக்கும் போயிட்டு வந்தாச்சு. நீ எங்கப்பா?"

"வந்துட்டேண்ணே, வந்துட்டேன்."

"முன்சீட்டுக்காரர் கம்பெனி நம்பர் கேட்டாரு. குடுத்துட்டேன்."

ஆறு மணிக்கு விடுதியில் சாப்பாடு. தெய்வம் கோபித்துக்கொண்டால் பரிகாரம் உண்டு. தெம்புரா பஜ்ஜி ஆறிப்போனால் பயணிகளிடம் பரிகாரமே கிடையாது. இன்னொரு புகார் போனால், அடுத்த மாதம் முதல் அவனுக்கு ஆபீசில் உட்கார்ந்து கவர் ஒட்டும் வேலைதான். மேனேஜர் முன்பே சொல்லிவிட்டார்.

ஐந்து மணிக்குக் கோயில் மணி முழங்கியது. உள்ளேயிருந்து தலைமைத் துறவி எட்டிப் பார்த்தார்.

"சிகுசா, நேரம் ஆச்சே. மூடலையா?"

"இந்தத் தம்பியோட கட்டு இன்னும் முடியலை சாமி."

"சரி, எழுதற வரைக்கும் திறந்திருக்கட்டும். வரிசை தீர்ந்ததும் மூடிடு. அப்புறம் யாரு வந்தாலும் நாளைக்குக் காலைலதான்."

இதுதான் சமயமென்று இமூரா ஜன்னலுக்குள் தலையை நுழைத்தான்.

"சாமி, தப்பா நினைக்காதீங்க. அம்மாவுக்கு வயசாயிடுச்சு போலிருக்கு. கை ஓடமாட்டேங்குது. வேற யாரையாவது உக்கார வைக்கக் கூடாதா?"

சிகுசாவின் காது சிவந்தது. தூரிகையை இன்னொரு தடவை கழுவினாள்.

துறவி அவளை ஒரு பார்வை பார்த்தார். "யோசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கடைசிப் புத்தகம். முத்திரை குத்தியாயிற்று. தூரிகை மையில் தோய்ந்து எழுந்தது. அந்தரத்தில் நின்றது.

"தம்பி, நம்ம கோயில் பேரு என்ன?"

"என்னது?"

"சட்டுனு மறந்துபோச்சு."

காலமெல்லாம் அந்த ஒரே பெயரை எழுதிக்கொண்டிருக்கிறவள்! இமூரா பல்லைக் கடித்துக்கொண்டு பெயரைச் சொன்னான்.

"ஆங், அதேதான்," என்றாள். எழுதவில்லை. அவன் தோளுக்கு மேலாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். போன் மறுபடி அலறியது. இமூரா எடுக்கவில்லை. எடுத்து என்னத்தைச் சொல்ல?

"மூடிட்டாங்களா?"

பின்னாலிருந்து வந்த குரல் கேட்டு இமூரா திரும்பினான். வெள்ளை உடுப்பும் கோரைத் தொப்பியுமாய், தடியை ஊன்றிக்கொண்டு ஒரு நடை யாத்திரிகர் நின்றார். ஒரு கால் பாதம் முழுக்கத் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம்.

"விடியறதுக்கு முன்னாடியே கிளம்பினேங்க. கால் ஏமாத்திடுச்சு. இன்னைக்கு முத்திரை கிடைக்கலைன்னா, கீழ இறங்கிட்டு நாளைக்கு மறுபடி இந்த மலையை ஏறணும். இந்தக் காலோட..." அவர் தடியில் சாய்ந்துகொண்டார்.

சிகுசாவின் தூரிகை இறங்கியது. கடைசிப் புத்தகம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்து இமூராவின் கைக்கு வந்தது.

"இன்னும் சாமியே கும்பிடலையேம்மா," என்று தயங்கினார் யாத்திரிகர்.

"சாமி எங்கயும் போயிடாது. முதல்ல புத்தகத்தைக் குடுங்க."

குத்தினாள், எழுதினாள், ஒற்றுத்தாளை வைத்தாள், மூடினாள். யாத்திரிகர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று. பிறகு தடியை ஊன்றிச் சன்னிதிப் பக்கம் நகர்ந்தார்.

இமூரா வெடித்தான்.

"அவருக்கு மட்டும் கை பறக்குது! நான் என்னம்மா பாவம் பண்ணினேன்? எனக்கு வேலையே போயிடும் போலிருக்கு, தெரியுமா?"

சிகுசா ஜன்னல் கதவை இழுத்தபடியே அவனைப் பார்த்துத் தலை குனிந்தாள்.

"மன்னிச்சுக்கோ தம்பி. உன் பை பாதி முடிஞ்சப்போ, கீழ மலைப்பாதை வளைவுல அவர் காலை இழுத்துக்கிட்டு வர்றது தெரிஞ்சுது. நீ வரிசையில நின்னாத்தானே நான் ஜன்னலைத் திறந்து வச்சிருக்க முடியும்?"