முரசில்லாத இசைத்தட்டு

முத்துமாரியம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அறுந்து மலாக்கா ஆற்றில் மிதக்கட்டும். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம், மலாக்காவில் காஜா பெராங் பக்கம் நடந்தது.

அப்பாசாமியின் இடிமேளக் குழுவைத் தெரியாதவர் அப்போது ஊரில் கிடையாது. உறுமி, தப்பு எல்லாம் உண்டு. ஆனால் பேர் வாங்கியது மாட்டுவண்டிச் சக்கரம் அகலத்துக்கு இருந்த முரசுதான். பொன்னுதுரை அதை ஓங்கி அடித்தால் அடுத்த ஊரான பத்து பெரெண்டாமில் தேங்காய் உதிரும். கடலில் போன கப்பல், புயல் வருகிறதென்று பயந்து நங்கூரம் போட்டதும் உண்டு. ஜப்பான்காரன் வருவதற்கு முன்பிருந்தே அம்மன் தேருக்கு முன்னால் போவது அந்த முரசுதான்.

ரொம்ப வருஷ இடைவெளிக்குப் பிறகு அந்த வருஷம்தான் அந்தக் குழு சிங்கப்பூருக்குப் போய்ப் புது இசைத்தட்டு ஒன்று பதிந்து வந்தது.

பாராட்டு வாங்கலாமென்று காப்பிக்கடைக்குப் போன பொன்னுதுரைக்கு வாசலிலேயே அர்ச்சனை தொடங்கிவிட்டது.

"வாங்க ராசா. முரசை வீட்டுல பூட்டி வச்சுட்டுச் சிங்கப்பூர் சுத்திப் பாத்துட்டு வந்தீங்களா?"

கேட்டவர் சேதுராமன். கோயில் கமிட்டித் தலைவர். மேளக்குழுவின் முதல் ரசிகர் என்று தனக்குத்தானே பட்டம் கட்டிக்கொண்டவர்.

"என்னண்ணே சொல்றீங்க?"

"புதுத் தட்டுல முரசு எங்கேன்னு கேக்குறேன். உறுமி கொசு மாதிரி முனகுது. தப்பு, யாரோ பாக்கு இடிக்கிற மாதிரி இருக்கு. முரசைக் காணவே காணோம். ரேடியோக்காரனுக்குப் பயந்து தாலாட்டுப் போட்டுட்டு வந்தீங்களா?"

பொன்னுதுரைக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. உள்ளங்கையை விரித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இந்தக் கொப்புளத்தைப் பாருங்க. மொத அடியிலயே அங்க கண்ணாடி விரிசல் விட்டுச்சு. பதிவு பண்ற வெள்ளைக்காரன் காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டு மேசைக்கு அடியில பூந்துட்டான். தாலாட்டாம்லா, தாலாட்டு."

"அடிச்சது நெசம்னா தட்டுல இருக்கணும்ல?"

சேதுராமன் கடையின் கிராமபோனில் தட்டை மறுபடி ஓடவிட்டார். பொன்னுதுரை காதில் இடி இடியாக இறங்கியது. பெற்றவன் காதாயிற்றே, அப்படித்தான் கேட்கும்.

மலாய் பேசும் செட்டிமார் வாழும் சிட்டி கம்போங்கைச் சேர்ந்த தெய்வநாயகம், மூலையிலிருந்து "குவாட் பெத்தோல்" என்று கத்தினார். சரியான சத்தமாம்.

சேதுராமன் சீறினார். "நீ பேசாதே தெய்வநாயகம். தேருக்கு ரொம்பப் பின்னால கச்சான் கடலை கொறிச்சுக்கிட்டு வர்ற ஆளு நீ. நாங்க முரசுத் தோல்ல காதை ஒட்டி வச்சு ஊர்வலம் பூரா நடந்தவங்க. காது அடைச்சாத்தான் அம்மன் எறங்கினான்னு அர்த்தம். உனக்கு என்னய்யா தெரியும் முரசைப் பத்தி?"

"ஆமா, ஆமா" என்று முரசை ஒட்டி நடக்கும் முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். "அப்போ நாங்க ரசிகருங்க இல்லையா?" என்று பின்வரிசைக்காரர்கள் எழுந்தார்கள். ஒருவன், ஜப்பான் சண்டைக்கு முந்தி வந்த பழைய தட்டுதான் தட்டு என்றான். இன்னொருவன், புதுசு அதைவிட ரெண்டு மடங்கு என்றான். கடை ரெண்டாகிவிட்டது.

சேதுராமன் மேசையில் குத்தினார். "முரசு செத்துப்போன மேளம் தேருக்கு எதுக்கு? இந்த வருஷம் செமாபோக் ஊரு பேண்டைக் கூப்பிடப் போறோம். முடிஞ்சா உங்க வாத்தியாரு வந்து இல்லேன்னு சாதிக்கட்டும்."

பொன்னுதுரை ஓட்டமாக ஓடி அப்பாசாமியை இழுத்து வந்தான்.

 அப்பாசாமி தட்டை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். அது ஓடி முடிந்ததும் சேதுராமனின் முதுகுப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். பொன்னுதுரை அப்போது வாசலில் ஒருவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு அப்பாசாமி முன்னால் வந்து, கடை முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "நீ சொல்றது சரிதான் சேது. எங்க கை தளந்துபோச்சு. முரசை மெதுவாத்தான் அடிச்சோம். தேருக்குச் செமாபோக் பேண்டையே வச்சுக்குங்க."

"பாத்தீங்களாய்யா?" சேதுராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னையா ஏமாத்தப் பாத்தீங்க?"

ஜெயித்த கட்சி ரெண்டு பேரையும் வாசல்வரை ஏசி அனுப்பியது.

தெருவில் இறங்கியதும் பொன்னுதுரை வெடித்தான். "என்னண்ணே இது? என் கை புண்ணானது பொய்யா? அம்மன் தேரைத் தாரை வாத்துக் குடுத்துட்டு வர்றீங்க. இனிமே ஊருக்குள்ள எந்த மூஞ்சியோட நடக்கிறது? எதுக்கு அப்படி ஒரு பொய்?"

அப்பாசாமி நடந்துகொண்டே சொன்னார். "சேது முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, 'டேய் சேது, உன் வேட்டியில தீப்பிடிச்சிருக்கு'ன்னேன். அவன் பாட்டுக்குக் காப்பியை ஆத்திக்கிட்டு இருந்தான். பக்கத்துல இருந்த முன்வரிசைக்காரனுங்க ஒருத்தனும் திரும்பல."

பொன்னுதுரையின் கால் நின்றுவிட்டது.

"அப்போ கோளாறு அவங்க காதுலயா? அதை அங்கயே போட்டு ஒடைச்சிருந்தா தேரு நம்மகிட்ட இருந்திருக்குமே அண்ணே."

"அந்தக் காதை எடுத்துக்கிட்டது நம்ம முரசுடா. முரசு போச்சுன்னா மனுசன் நம்மளைத் திட்டிட்டுத் தூங்கிருவான். காதே போச்சுன்னு தெரிஞ்சா எப்படித் தூங்குவான்?"

இதைச் சொன்னது யாரென்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். முக்கியமாகச் சேதுராமன் வீட்டுப் பக்கம் மூச்சு விடக் கூடாது. பாவம், அப்பாசாமியைத் திட்டிக்கொண்டு மனுஷன் இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறார்.