மாமனாருக்குச் சுட்ட மீன்

"நாளைக்கு நான் அடுப்புல குழம்பு, ரசம் எதுவும் வைக்கப் போறதில்ல" என்றாள் மதிவதனி.

புகழேந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாளைக்கு அவனுடைய அப்பாவும் அம்மாவும் கூத்தாநல்லூர்ப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். ஒரத்தநாட்டில் மகன் வீடு கட்டிக் குடிவந்த பிறகு முதல் தடவை.

"அப்ப வர்றவங்களுக்குப் பட்டினியா?"

"கொல்லையில கரி போட்டு மீன், கோழி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, நாலு கத்தரிக்கா எல்லாம் சுட்டுக்கலாம். சோறு மட்டும் குக்கர்ல வச்சிடறேன்."

"மாமனார் மாமியார் வந்தா இலை நெறைய வைக்கறதுதான் மரியாதை. இது என்ன பிக்னிக்கா?"

"நீங்க கூட நின்னு வெங்காயம் உரிக்கறீங்களா? இப்பவே குழம்பு வைக்கறேன்."

புகழேந்தி மெல்லக் கூடத்துக்கு நழுவினான். நாற்பது பிள்ளைகளுக்குச் சமத்துவம் சொல்லித்தருகிற வாத்தியார்தான். வெங்காயம் என்றால் மட்டும் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வேலை ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அவன் பயமெல்லாம் அப்பாவை நினைத்து. வீரையன் லேசுப்பட்ட ஆளில்லை. போன தீபாவளிக்குத் தங்கை கயல்விழி வீட்டில் ரசம் ஆறிப்போயிருந்தது என்று பாதி இலையில் எழுந்து நேரே பஸ் ஏறியவர். இன்றுவரை அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. அன்றைக்கு அவர் பின்னாலேயே ஓடிய அம்மாவும் பட்டினி. நாளைக்கு இந்த வீட்டிலும் அதே கூத்து நடந்தால்?

மறுநாள் காலையில் மதிவதனி பழைய இரும்புச் சட்டியில் கரியைக் கொட்டிப் பற்ற வைத்தாள். மேலே வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த கம்பி வலை.

பக்கத்து வீட்டு ஈஸ்வரி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "என்ன மதி, மாமியார் வர்ற நாள்ல கேஸ் தீந்துபோச்சா?"

"கேஸ் ரொம்ப இருக்குக்கா. எனக்குத்தான் இஷ்டமில்ல."

ஈஸ்வரியின் தலை உள்ளே போய்விட்டது. இனி தெரு முழுக்கச் சேதி போய்விடும்.

பதினோரு மணிக்கு வந்து இறங்கிய வீரையன் கொல்லையைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்னடா புகழு இது? வூட்டுக்கு வந்தவங்களுக்கு வயக்காட்டுல சுட்டுப் போடற மாதிரி!"

"என்னத்தச் சொல்ல? நமக்கு வாய்ச்ச மருமவ அப்படி" என்றபடி அம்மா அம்சவல்லி கொல்லையில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

புகழேந்திக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மதிவதனி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மிளகாய் அரைத்துப் பூசிய விரால் மீனை வலையில் போட்டு, இடுக்கியால் இப்படியும் அப்படியும் தள்ளினாள். வால் கருகி, ஒரு பக்கம் பிய்ந்தது.

வீரையனால் பொறுக்க முடியவில்லை.

"தள்ளு, தள்ளு. மீனைச் சுடச் சொன்னா பொணத்தச் சுடற! விராலு அனல்ல வேவணும், நெருப்புல இல்ல. கொண்டா இடுக்கிய."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரியை ஓரமாக ஒதுக்கினார். "குறுவை அறுத்து முடிச்சு, வாய்க்கால்ல மீன் புடிச்சு, வைக்கோலப் போட்டு நான் சுட்டா வரப்பே மணக்கும், தெரியுமா?"

"சொல்லுங்க மாமா, நான் என்னத்தக் கண்டேன்" என்று மதிவதனி விலகி நின்றாள்.

புகழேந்தி வாயைப் பிளந்தான். 'அடுப்படியில ஆம்பளைக்கு என்ன சோலி?' என்று கேட்டே காலத்தை ஓட்டியவர் அப்பா. வெந்நீர் வேண்டுமென்றாலும் கூடத்திலிருந்து குரல்தான் வரும். ஆனால் இது அடுப்படி இல்லையே, கொல்லை! வெட்டவெளியில் நெருப்பு மூட்டிச் சுடுவது அவரைப் பொறுத்தவரை சமையலில் சேராது.

முதல் மீன் வெந்ததும் மதிவதனி அதை வாழையிலையில் வைத்து அம்சவல்லியிடம் நீட்டினாள். "மாமா கை வேலையா இருக்காங்க. நீங்க சாப்பிடுங்க அத்தை."

அடுத்தது கோழி. அப்புறம் கிழங்கு. மறுபடியும் மீன். வீரையன் வியர்க்க வியர்க்கப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏய் அம்சம், தண்ணி கொண்டா!"

அம்சவல்லி அசையவில்லை. "கையெல்லாம் முள்ளு. சொம்பு அங்கதான இருக்கு? எடுத்துக் குடிங்க."

வீரையன் இடுக்கியை ஓங்கிப் பிடித்தபடி திரும்பி முறைத்தார். போச்சு, இடுக்கியை வீசிவிட்டுப் பஸ் ஏறப்போகிறார்!

அந்த நேரம் பார்த்து மீன் தீய்கிற வாசனை. அவசரமாகத் திரும்பி மீனைப் புரட்டினார். பிறகு தானே சொம்பை எடுத்து மடக் மடக்கென்று குடித்தார்.

நான்கு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வீரையன் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "உம் பொண்டாட்டி சுத்த சோம்பேறிடா. ஒரு ரசம் வைக்க உடம்பு வணங்கல. நான் மட்டும் இல்லன்னா இன்னைக்கு எல்லாரும் பட்டினி!"

அம்மாவைக் கூப்பிட உள்ளே போன புகழேந்தி அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டான்.

அம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நான் போன்ல ஆசைப்பட்டுக் கேட்டேன்னு, இம்புட்டுக் கெட்ட பேரையும் வாங்கிக் கட்டிக்கிட்டியே தாயி."

"பேரு கெடக்கு வுடுங்க அத்தை. மீன் சூடா இருந்துச்சா?"

"எல்லாரும் தின்னு முடிச்ச பொறவு சட்டிய வழிச்சுத் தின்னே முப்பத்தாறு வருசம் ஓடிப்போச்சு. சுடச்சுடத் தின்னது இன்னைக்குத்தான். அதுவும் அந்த மனுசன் கையால!"

புகழேந்திக்கு முகம் சுருங்கியது. அம்மா எல்லாருக்கும் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டு அவனும் இன்றைக்குத்தான் பார்த்தான். இத்தனை வருஷம் அவன் கண்ணில் அது பட்டதே இல்லை.

அம்சவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தக் கம்பி வலைய ஒரு சாக்குல சுத்திக் குடு. இனிமே ஞாயித்துக்கெழமைன்னா எங்க வூட்லயும் அடுப்பு எரியாது!"