கண்மணிக்கு இரண்டு தலையணை

“வேலைக்கு வந்தவ சோபாவுல படுத்திருக்கா, சம்பளம் கொடுக்கிறவ தரை துடைக்கிறா. நல்லா இருக்கு உமா, உங்க வீட்டு நியாயம்!”

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் உமாவின் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அனிதா ஆரம்பித்துவிட்டாள். உமாமகேஸ்வரிக்கு அவள் நாத்தனார். கணவனின் அக்கா என்பதால் பேசும் உரிமை கொஞ்சம் அதிகம்.

சோபாவில் படுத்திருந்தது கண்மணி, உமா வீட்டுப் பணிப்பெண். கணுக்கால் உடைந்து, ஆபரேஷன் செய்து, உள்ளே பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்திருந்தார்கள். வீக்கம் வடிய வேண்டும் என்று காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வைத்திருந்தாள். எதிரே டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அனிதாவைக் கண்டதும் பதறி எழப் பார்த்தாள்.

“எழுந்திரிக்காத கண்மணி! கால் ஊனவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?” மாப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள் உமா.

அனிதா அவளைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைக் குறைத்தாள். அவள் குரலைக் குறைத்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

“எதுக்கு உனக்கு இந்தத் தலைவலி? டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிட்டு வேற ஆள் எடு லா. ஏஜென்ட்கிட்ட சொன்னா உடனே அனுப்பி வைப்பான்.”

ஹாலில் சீரியல் சத்தம் சட்டென்று அடங்கியது. ரிமோட்டைக் கையில் பிடித்தபடி கண்மணி உமாவின் பதிலுக்காகக் காத்திருந்தாள். விழுந்த நாளிலிருந்து அவளுக்கு வலியைவிடப் பெரிய பயம் இதுதான். இந்த வேலை போனால் ஊரில் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

“என்ன அண்ணி பேசுறீங்க? பாத்ரூம்ல வழுக்கினது அவ தப்பா? நடக்க முடியாத பொண்ணை எப்படி அனுப்புறது? என் தங்கச்சியா இருந்தா அனுப்புவேனா?”

“அது சரி, ஆஸ்பத்திரி பில்?”

“நாங்களே கட்டிட்டோம்.”

“ஏன்? இன்ஷூரன்ஸ் எடுத்திருப்பீங்கள்ல?”

“அதுக்கு ஆயிரம் கேள்வி கேப்பாங்க அண்ணி. யாருக்கு நேரம் இருக்கு? காசா பெருசு? அவ கால்தான் முக்கியம்.”

அனிதாவுக்குப் பேச்சு வரவில்லை. அது அபூர்வம்.

ஆனால் வெள்ளிக்கிழமை சிராங்கூன் ரோடு கோயிலில் நன்றாகவே வந்தது.

“மேடம்னு கூப்பிட்டவளை இப்ப அக்கான்னு கூப்பிட வச்சிருக்கா எங்க உமா. தலைகூட அவளேதான் வாரி விடுறா.”

“இந்தக் காலத்துல இப்படியும் ஒருத்தியா!” என்று கோயிலுக்கு வந்திருந்த சிவகாமசுந்தரி மாமி உருகிப்போனாள்.

திரும்பும்போது தன் வீட்டில் வேலை பார்க்கும் மரகதத்துக்கும் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு போனாள் அனிதா. நல்ல குணமும் தொற்றிக்கொள்ளும் போலிருக்கிறது.

அடுத்த செக்கப்புக்குக் கண்மணியைத் தானே அழைத்துப் போவதாகவும் சொன்னாள். உமா தயங்கினாள். ஆபிஸில் லீவு கிடைக்காததால் கடைசியில் சரி என்றாள்.

டாக்டர் தமிழர். எக்ஸ்ரேயைப் பார்த்துச் சிரித்தார்.

“எலும்பு நல்லா கூடியிருக்கு. இனி இந்த வாக்கிங் பூட்ஸைப் போட்டுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா கால் ஊனலாம். பிசியோ பயிற்சியை மட்டும் விட்டுடாத, கணுக்கால் இறுகிடும். ஆமா, எப்படிம்மா விழுந்த?”

“பாத்ரூம்ல வழுக்கிடுச்சு டாக்டர்.”

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

வழியில் பலகாரம் வாங்கலாம் என்று டாக்சியை லிட்டில் இந்தியா பக்கம் விடச் சொன்னாள் அனிதா. தீபாவளிக் கூட்டத்தில் வண்டி நகரவே இல்லை. கண்மணி மெதுவாகக் கேட்டாள்.

“மேடம், நான் சரியாத்தானே சொன்னேன்?”

“எதை?”

“பாத்ரூம்னு. உமா அக்கா தினமும் சொல்லிக் கொடுத்தாங்க. எங்க மாத்திச் சொல்லிடுவேனோன்னு பயந்துகிட்டே இருந்தேன்.”

அனிதா முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“அப்ப நீ பாத்ரூம்ல விழலையா?”

“ஐயோ, உங்களுக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்!” கண்மணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அனிதா விடுகிற ஆளா? துருவித் துருவிக் கேட்டதில் எல்லாம் வெளியே வந்தது.

“சமையலறை ஜன்னல் மேடம். வெளிப்பக்கம் அழுக்கா இருக்குன்னு அக்கா கிரில்லைத் திறந்து விட்டாங்க. ஸ்டூல் மேல ஏறி வெளிய எட்டித் துடைச்சேன். கால் தவறிடுச்சு. நல்லவேளை, உள்பக்கமா விழுந்தேன்.”

உமாவின் வீடு பதினோராவது மாடியில் இருக்கிறது.

“அப்படித் துடைக்கச் சொல்றது இந்த ஊர்ல சட்டப்படி தப்பாமே? மேன்பவர் மினிஸ்ட்ரிக்குத் தெரிஞ்சா அக்காவுக்குப் பெரிய பிரச்சினையாம், என்னையும் ஊருக்கு அனுப்பிடுவாங்களாம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம். எனக்கு இந்த வேலை வேணும்.”

அனிதாவின் முகம் வெளிறிப் போயிருந்தது. கைப்பையைக் கிளறிப் போனை வெளியே எடுத்தாள்.

“யாருக்கு மேடம் பண்றீங்க? மினிஸ்ட்ரிக்கா?” கண்மணி அழவே ஆரம்பித்துவிட்டாள். “வேணாம் மேடம், உங்க கால்ல விழுறேன்.”

அனிதா அவள் பக்கம் திரும்பவில்லை. மறுமுனையில் போனை எடுத்ததுமே டிரைவர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

“மரகதம்! ஜன்னல் துடைச்சது போதும், மொதல்ல அந்த ஸ்டூலை விட்டுக் கீழ இறங்கு!”