இரண்டாவது ஆட்டக்காரர்

தாட்சாயணி நகரியில் வீட்டிலிருந்தபடியே திருப்பதி கேம் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்தாள். ஒரு காலத்தில் வீடியோ கேம் கடைகளில் எல்லோரும் காசு போட்டு ஆடிய விண்கலச் சண்டையை, அவர்கள் இப்போது மலிவு விலையில் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஆடியவர்கள் எழுதும் கருத்துகளுக்குப் பதில் போடுவது அவள் பொறுப்பு.

மேனேஜர் ரூபா போனில் கேட்டாள். "இன்னா சொல்றாங்க?"

"விலைக்கு நல்லாவே கீதுன்றாங்க மேடம். சத்தம் பழைய மாதிரி இல்லன்னு நாலு பேரு திட்டிக்கினு கீறாங்க. பேர் போடாத ஒருத்தர் மட்டும் ஒரே ஒரு ஸ்டார் குடுத்திருக்காரு."

"ஏனாம்?"

தாட்சாயணி படித்துக் காட்டினாள். "'அப்போது நானும் என் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடுவோம். இதில் ஒருவர்தான் ஆட முடிகிறது. நானும் தனியாகத்தான் ஆடுகிறேன்.'"

"பாவம், சம்சாரம் தவறிட்டாங்க போல. ஆறுதலா ரெண்டு வரி எழுதும்மா."

தாட்சாயணி அடித்தடித்துத் திருத்தி எழுதினாள். "உங்கள் மனைவியின் மறைவுக்கு வருந்துகிறோம். இருவர் ஆடும் வசதியைச் சீக்கிரம் சேர்க்கப் பார்க்கிறோம்."

உடனே பதில் வந்தது.

"அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். பக்கத்து அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ரொம்ப நாளைக்கப்புறம் இன்றைக்குத்தான் எனக்காக யோசித்து இரண்டு வரி எழுதியிருக்கிறாள்."

தாட்சாயணி எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். அவள் கணவன் முரளிதரன் ஆட்டத்திலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை. அவள் நாற்காலியை இழுத்து அவன் அருகில் போட்டாள்.

"நவுருங்க. மாத்தி மாத்தி ஆடலாம் இல்ல?"