அடைப்புக்குறிக்குள்

"இந்த இருபத்து மூணாம் நம்பர்காரரு உங்களுக்கு என்ன பாவம் செஞ்சாரு, காளீஸ்வரி?"

போனில் கார்த்திகாவின் குரல் சலித்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் கல்லூரிப் பேராசிரியை. அவளுடைய ஆராய்ச்சிக்காக மாணவிகள் வீடு வீடாகப் பதிவுசெய்த பேட்டிகளைக் கேட்டு, ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுப்பவள் காளீஸ்வரி. பேட்டி கொடுத்தவர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

"ஏன் மேடம்?"

"ஒன்பதாம் பக்கத்துல, 'என் வீட்டுக்காரி வேலைவெட்டி எதுவும் பாக்கல, சும்மாதான் இருக்கா'ன்னு சொல்லுதாரு. பக்கத்துலயே அடைப்புக்குறி போட்டு 'இது பொய்'னு அடிச்சிருக்கீங்க."

காளீஸ்வரி விடியுமுன்னே எழுந்து தண்ணீர் பிடித்து, மாவாட்டி, சோறு வடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவள். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. இந்த வேலைக்கு வந்த இரண்டு வருடத்தில், இதற்கு முன் அவள் தன் சொல் ஒன்றைக்கூடச் சேர்த்ததில்லை.

"அடைப்புக்குறிக்குள்ள என்னவெல்லாம் வரலாம்?"

"சிரிப்பு, இருமல், மௌனம், பின்னால கேக்குற சத்தம்."

"அதெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க. குக்கர் விசில், உள்ரூம்ல யாரோ டக்டக்னு தட்டுற சத்தம், எதையும் விடல. ஆனா அங்க உங்க கோபத்துக்கு இடமில்ல. எனக்கு வராத கோபமா? அதையெல்லாம் சேர்த்தா ஆராய்ச்சி இல்ல, புறணி."

"அப்போ அந்தப் பொம்பள வேலையில்லாதவங்க கணக்குல போயிருவாளே மேடம்."

"போவா. வீட்டுத் தலைவரு சொல்லுததுதான் பதிவு. நான் எழுதுற புத்தகத்துலயும் அவ சும்மாதான் இருப்பா."

"பொய்யின்னு தெரிஞ்சுமா?"

கார்த்திகா பெருமூச்சு விட்டாள். "அந்த ரெண்டு வார்த்தைய எடுத்திருங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா, அடுத்த பேட்டிய உங்களுக்கு அனுப்ப முடியாது."

காளீஸ்வரி கர்சரை அந்தச் சொற்களின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தாள். இந்த வேலையை விட அவளுக்கு மனமில்லை. அழிக்கவும் விரல் வரவில்லை.

"எடுத்தாச்சா?"

"இல்ல மேடம்."

"ஏன் இம்புட்டு பிடிவாதம்? எங்கயோ இருக்கிற ஒரு வீடு. அவரு சொல்லுதது பொய்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

காளீஸ்வரி கீபோர்டிலிருந்து விரலை எடுத்தாள்.

"அந்த வீட்டுல சும்மா இருக்கிறவ நான்தான், மேடம்."