பாட்டிலில் பதினேழு

“நல்லா இருந்த பிள்ளைம்மா. உன் மருந்து ஒரு வேளைதான் உள்ள போச்சு. காலைலேர்ந்து எங்க வீட்ல யாருக்கும் சோறு இறங்கல.”

பெரியவர் ஒரு ஜாம் பாட்டிலை மேசை மேல் வைத்தார். உள்ளே தண்ணீரில், அவிழ்ந்த நூல்கண்டு போல வெள்ளையாக ஏதோ சுருண்டு கிடந்தது.

“எண்ணிட்டேன். பதினேழு புழு.”

டாக்டர் குனிந்து பார்த்தாள். உருண்டைப் புழுக்கள், நன்றாக வளர்ந்தவை. மருந்து ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்று மனதுக்குள் மகிழ்ந்தாள். அதை முகத்தில் காட்டும் நேரம் இதுவல்ல என்பது மட்டும் தெரிந்தது.

‘அந்தப் பிள்ளை’ அவருடைய செருப்பை மும்முரமாகக் கடித்துக்கொண்டிருந்தது. இரண்டு மாத நாய்க்குட்டி. நேற்று மாலை வந்தபோது அதற்கு வாலை ஆட்டக்கூடத் தெம்பில்லை. முதுகெலும்பு தெரிந்தது, வயிறு மட்டும் பந்து போல இருந்தது.

“நேத்து வரைக்கும் ஒரு புழு கிடையாது.”

“உள்ள இருந்துச்சு சார். வயிறு உப்பியிருந்ததே…”

“அது நல்லா சாப்பிடுற வயிறு.”

“அம்மாகிட்டேர்ந்தே வந்துடும் சார். பிறக்குறதுக்கு முன்னாடியே வரும். பால்லயும் வரும்.”

“அதோட அம்மாவப் பத்தி எதுவும் பேசாத. நல்ல குடும்பத்து நாய்.”

டாக்டர் குனிந்து, செருப்பைக் குட்டியின் வாயிலிருந்து விடுவித்தாள்.

“உள்ள இருந்தா எனக்குத் தெரியாதா? தினமும் காலைல நான்தான அள்ளிப் போடுறேன்?”

இதற்கு அவளிடம் பதில் இருந்தது. புழு குடலிலேயே தங்கிவிடும், வெளியே வருவது முட்டைதான், அதுவும் மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். கல்லூரியில் இதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். ஆனால் பரீட்சைத்தாள் குரலை உயர்த்தாது.

“ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு வேளை குடுக்கணும் சார்” என்றாள். சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது.

“இன்னொரு வேளையா? இன்னும் எத்தனை புழுவ உண்டாக்கப் போற?”

பின்தெருவில் உள்ள இருநூறு வீட்டுக் குடியிருப்புக்கு அவர்தான் செயலாளர். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். பெயர்ப்பலகையும் விழும்படி அதை ஒரு படம் எடுத்தார். பிறகு குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒற்றை விரலால், வாசித்துக்கொண்டே தட்டினார்.

“எச்சரிக்கை. தெருமுனை நாய் டாக்டர். ஒரே ஒரு வேளை மருந்து. விடிவதற்குள் பதினேழு புழு. நேற்று வரை ஒன்றுகூட இல்லை.”

போனைச் சட்டைப்பையில் போட்டார். “இருநூறு வீட்டுக்கும் போயாச்சு. இனிமே எவன் இந்தப் படி ஏறுறான்னு பார்க்கிறேன்.”

குட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார். பாட்டில் மட்டும் படியில் நின்றது.

“நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டிருப்பேன்” என்றாள் கம்பவுண்டர் அக்கா. “நீங்கதான் கண்ணாலயே வேணாம்னீங்க.”

“கேட்டா மட்டும் ஒத்துக்குவாராக்கா?”

“ஒத்துக்க மாட்டாரு. எனக்காவது மனசு ஆறும்ல.”

திறந்து மூன்று மாதம் ஆகிறது. உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் வழி கேட்க வந்தவர்கள். இந்த மாதத்துக்குள் கூட்டம் சேராவிட்டால் சாத்திவிட்டு, மருந்துக் கம்பெனியில் நாற்காலி வேலைக்குப் போய்விடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாள். மாதம் முடிய நான்கு நாள் பாக்கி.

அன்று மாலை யாரும் வரவில்லை. புத்தகங்களை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். அக்கா பார்த்தும் பார்க்காதது போலத் தரையைத் துடைத்தாள்.

மறுநாள் காலை ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதுமே அவள் பிரேக்கை அழுத்தினாள். ஷட்டருக்கு முன்னால் பதினைந்து பேராவது இருப்பார்கள். பாதிப் பேர் கையில் போன். ஒருவர் போனை மற்றவர் எட்டிப் பார்த்து ஏதோ காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் நின்ற ஆள் அந்த வெயிலிலும் ஜாக்கெட் போட்டு ஜிப்பை இழுத்து மூடியிருந்தார். ஒரு கை ஜாக்கெட்டுக்குள் இருந்தது. உள்ளே எதையோ இறுக்கிப் பிடித்திருந்தார்.

அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றி, வண்டியை அங்கேயே நிறுத்தினாள். அதே நேரம் போன் அடித்தது.

“எங்க இருக்கீங்க டாக்டர்?” அக்கா கிசுகிசுத்தாள். “நான் உள்ள இருக்கேன். ஷட்டரத் திறக்கல. செயலாளரே வந்து கலைஞ்சு போங்கன்னு கத்திப் பார்த்தாரு. ஒருத்தரும் மதிக்கல. தலையில அடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு.”

“போலீசுக்கு…” என்று ஆரம்பித்தாள்.

“அதோ, அந்தப் பொண்ணுதான்” என்று ஒரு பெண் கையை நீட்டினாள். எல்லாத் தலைகளும் திரும்பின.

அவள் வண்டியைத் திருப்பப் பார்த்தாள். அதற்குள் ஜாக்கெட்காரர் பெரிய பெரிய எட்டாக வைத்து நடந்து வந்து ஸ்கூட்டருக்குக் குறுக்கே நின்றார். அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஜிப்பைச் சர்ரென்று கீழே இழுத்தார்.

இரண்டு காதுகள் எட்டிப் பார்த்தன. அதற்குக் கீழே, பந்து போல ஒரு வயிறு.

“எங்களுதுக்கு, செயலாளர் வீட்ல வந்ததவிட ஒண்ணாவது கூட வரணும் டாக்டர்.”