உறுமலுக்கு முன் ஒரு மூச்சு

"பாட்டுன்னு இப்படி உறுமினா யாருக்குடா புரியும்?" என்று மீனாக்ஷி கேலி செய்தபோது அவள் கணவன் வெங்கிடேஷ் சாயாவை உறிஞ்சியபடி சிரித்தான். "நடுவுல கிட்டார் மட்டும் தனியா வரும், எடீ. அங்க கேளு. அழுதுடுவே."

அவன் உறுமிப் பாடிய டெத் மெட்டல் ஆல்பம் வெளியாவதற்குள் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. அவன் குரலென்று அவளுக்கு மிஞ்சியது அந்த உறுமல்தான். மட்டாஞ்சேரியில், சுக்குக் கிடங்குக்கு மேலிருந்த வீட்டில், சமைத்தபடியே தினமும் அதைக் கேட்டாள். முறுக்கிப் பின்னிய தாளம் சட்டென்று அடங்கி கிட்டார் தனித்து ஒலிக்கையில், அவன் சொன்னபடியே அழுதாள். அடுத்த உறுமலுக்காக அவன் மூச்சை இழுப்பதும் அங்கே கேட்கும். அந்த மூச்சு நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது.

இன்று ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கினாள். கிட்டார் நின்றது. மூச்சு நிற்கவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து கேட்கத் தயங்கியதைக் கேட்டாள்.

"வெங்கி, ஒரு தடவையாவது எடீன்னு சொல்லாம, மீனாக்ஷின்னு மெதுவா கூப்பிடேன்."